முன்பணத்துக்காக ஆளைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் அடுக்குமாடி கட்டுகிறார்கள். ஒடிசா பையன்கள் தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்கிறார்கள். முன்பணம் கழியும்வரை ஊருக்குப் போகக்கூடாது என்று மேஸ்திரி ஆதாரையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டாராம். கடன் வாங்கியவர்கள்தானே, நாம் தலையிடலாமா?
- வாசகி, மேடவாக்கம்

பதில்: அவசியம் தலையிடுங்கள், அம்மா. இது அப்பட்டமான கொத்தடிமைத்தனம். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்த முன்பணத்தை அவர்கள் திருப்பித் தரவே வேண்டியதில்லை. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கொடுத்தவர் தலையில்தான். குறைந்தபட்சக் கூலிகூடத் தராமல் வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

செங்கல் சூளை வழக்குகளில் மேஸ்திரிகளின் நோட்டைப் பார்த்திருக்கிறேன். அரிசி, காய்ச்சல் மாத்திரை, ரயில் டிக்கெட் எல்லாம் கடன் பக்கத்தில் ஏறியிருக்கும். கூலிப் பக்கம் காலியாகக் கிடக்கும். வயிறு எரியும். அந்த நோட்டைப் பையன்கள் யாராவது போட்டோ எடுக்க முடிந்தால் நல்ல சாட்சி.

மேஸ்திரியிடம் நேரே சண்டைக்குப் போகாதீர்கள். இரவோடு இரவாக ஆட்களை வேறு சைட்டுக்கு மாற்றிவிடுவார்கள். கோட்டாட்சியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மீட்ட பிறகு, விடுதலைச் சான்றிதழ் வாங்காமல் யாரையும் ரயிலேற்றிவிட வேண்டாம். மறுவாழ்வு உதவிக்கு அதைத்தான் கேட்பார்கள்.