நெஞ்செரிச்சலும் குழந்தை பால் கக்குவதும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், கைக்குழந்தை பால் கக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொது மருத்துவம் பார்ப்பவள் நான். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வயது 42. வேலை முடிந்து வீடு வரவே இரவு பத்து மணி ஆகிறது. சாப்பிட்டதும் படுத்துவிடுவேன். நடு இரவில் நெஞ்சு எரிகிறது, தொண்டை வரை புளித்த தண்ணீர் ஏறுகிறது. எனக்கு அமிலம் அதிகமாகச் சுரக்கிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மற்றவர்களுக்குச் சுரக்கிற அளவுதான் உங்களுக்கும் சுரக்கும். அது இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலே ஏறுவதுதான் தொந்தரவு. இரைப்பையின் உள்சுவரில் வழவழப்பான சளிப்படலம் இருப்பதால் அது அமிலத்தைத் தாங்கும். உணவுக்குழாய்க்கு அப்படி ஒரு காப்பு கிடையாது. இரண்டும் சேரும் இடத்தில் சுருக்குப்பையின் வாய் மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ளும். வயிறு முட்டச் சாப்பிட்டால், விழுங்காதபோதும் அது அடிக்கடி தளரும். அந்த நேரத்தில் நீங்கள் படுத்திருந்தால் அமிலம் தடையில்லாமல் மேலே வரும். எதுக்களிப்பு என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான்.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் வேண்டும். பத்து மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அதனால் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு வேலையிடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பசித்தால் இரண்டு இட்லி போதும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்போது இரைப்பை உணவுக்குழாயை விடத் தாழ்வாக இருக்கும், மேலே வந்த அமிலமும் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 அங்குல மரக்கட்டை வையுங்கள். தலையணைமேல் தலையணை அடுக்குவது உதவாது. உடம்பு நடுவில் மடங்கி வயிறு அழுந்துவதால் எரிச்சல் கூடத்தான் செய்யும்.

கேள்வி: மூன்று வருடமாகத் தினமும் டிபன் முடித்ததும் பான்டோபிரசோல் போடுகிறேன். எழுதிக் கொடுத்த டாக்டரைத் திரும்பப் பார்க்கவில்லை, கடையில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். இரண்டு முறை நிறுத்திப் பார்த்தேன், எரிச்சல் முன்பைவிட மோசமாக வந்தது.

பதில்: இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முதலில் நேரம். இந்த மாத்திரை ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தை ஒன்றும் செய்யாது. அமிலம் சுரக்கும் செல்களில் இருக்கும் பம்புகளைத்தான் அடைக்கும், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் பம்புகளை மட்டும். சாப்பிடும்போதுதான் அவை மும்முரமாக ஓடும். அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். அதனால் டிபனுக்கு 30 நிமிடம் முன்பே போடுங்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறையும். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும் என்பதால், எரியும்போது மட்டும் ஒன்று போட்டுக்கொள்வதற்கு ஏற்ற மருந்தும் இல்லை.

அடுத்தது, நிறுத்தும்போது வருவது. பல மாதம் அடக்கி வைத்த சுரப்பு, மருந்தை நிறுத்தியதும் சில வாரங்களுக்கு வழக்கத்தைவிடக் கூடும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி ஆரம்பித்துவிடுகிறோம். சாதாரண நெஞ்செரிச்சலுக்கு இது பெரும்பாலும் 8 வார மருந்துதான். டாக்டரைப் பார்த்து அளவைக் குறைத்து, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று படிப்படியாக விடுங்கள். இடையில் எரிச்சல் வந்தால் ஜெலுசில் மாதிரி ஒரு திரவம் போதும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தவர்களுக்கு பி12, மெக்னீசியம் குறையலாம், ரத்தப் பரிசோதனையில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களும், உணவுக்குழாயில் புண் இருந்தவர்களும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தவே கூடாது. உங்களுக்கு அந்த மாத்திரை வேறு காரணத்துக்காகக் கொடுக்கப்பட்டிருக்கலாம்.

கேள்வி: ஃபில்டர் காபியையும் புளிக்குழம்பையும் விட்டே ஆக வேண்டுமா?

பதில்: எல்லோருக்கும் பொதுவான பட்டியல் கிடையாது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது எரிந்தது என்று எழுதுங்கள். உங்கள் எதிரி எது என்று அதுவே சொல்லும். எண்ணெய்ப் பலகாரம், சாக்லேட், மது, புகை இவை தசை வளையத்தைத் தளர்த்துபவை. தொப்பை இருந்தால் சில கிலோ குறைத்தாலே நல்ல மாற்றம் தெரியும்.

கேள்வி: எட்டாம் மாதம். தண்ணீர் குடித்தாலும் எரிகிறது. மாத்திரை போட பயமாக இருக்கிறது.

பதில்: கர்ப்பகால ஹார்மோன் அந்தத் தசை வளையத்தைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பை வயிற்றை மேலே தள்ளுகிறது. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாகப் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிடுங்கள். கர்ப்பத்தில் பாதுகாப்பான மருந்துகள் உண்டு, உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். சோடா உப்பு மட்டும் வேண்டாம். ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள் அம்மா: மேல்வயிற்று வலியோடு கடுமையான தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் இருந்தால் அது நெஞ்செரிச்சல் இல்லாமல் ரத்த அழுத்தக் கோளாறாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, வியர்க்கிறது. "கேஸ்தான்" என்று சொல்லி ஈனோ குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

பதில்: இன்றைக்கே இசிஜி எடுங்கள். நடக்கும்போது வந்து, நின்றால் குறைகிற நெஞ்சடைப்பு இதயத்திலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமல்கூட வரும். ஏப்பம் விட்டதும் லேசாக இருந்தது என்று அவர் சொன்னால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே அடைப்பு வந்தாலோ, தாடை, இடது கைக்கு வலி பரவினாலோ 108ஐ அழையுங்கள். ஈனோ குடித்துப் பார்க்கிறேன் என்று காத்திருந்து தாமதமாக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

கேள்வி: குழந்தைக்கு இரண்டரை மாதம், தாய்ப்பால் மட்டும்தான். ஒவ்வொரு முறை குடித்ததும் தயிர் மாதிரி கக்குகிறாள். "கக்கின பிள்ளை தக்கும்" என்கிறார் மாமியார். எனக்குத்தான் தூக்கமே வரவில்லை. எடை நன்றாக ஏறுகிறது.

பதில்: உங்கள் கடைசி வாக்கியம்தான் எனக்குத் தேவையான பதில். எடை ஏறி, பால் கேட்டுக் குடித்து, சிரித்து விளையாடும் குழந்தை கக்கினால் அது நோய் இல்லை. தசை வளையம் இன்னும் பழகவில்லை, உணவுக்குழாய் குட்டை, உணவு முழுக்கத் திரவம், நாள் முழுக்கப் படுக்கை. மேலே வராமல் எப்படி இருக்கும்? 4 மாதம் வாக்கில் இது உச்சத்துக்குப் போகும். உட்காரப் பழகி, கெட்டி உணவும் ஆரம்பித்த பிறகு குறையும். ஒரு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்றுவிடும். மாமியார் சொன்ன பழமொழி உங்கள் குழந்தைக்குப் பொருந்துகிறது.

பால் கொடுத்ததும் தோளில் நிமிர்த்தி 20, 30 நிமிடம் வைத்திருங்கள். ஏப்பம் வரட்டும். குடித்த உடனே துணி மாற்றக் கால்களை மடக்கித் தூக்காதீர்கள். தூங்கும்போது மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும். கக்குகிறது என்று குப்புறப் போடுவது ஆபத்து, தூக்கத்திலேயே இறக்கும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. கிரைப் வாட்டர், வசம்பு, உரைமருந்து எதுவும் வேண்டாம். அமிலம் குறைக்கும் சிரப்பும் இந்தக் கக்கலை நிறுத்தாது.

கேள்வி: பையனுக்கு ஐந்து வாரம். முதலில் லேசாகத்தான் கக்கினான். நான்கு நாளாக வாந்தி பீய்ச்சி அடிக்கிறது. வாந்தி எடுத்ததும் மறுபடி பசியில் அழுகிறான். இதுவும் தானாகச் சரியாகுமா?

பதில்: ஆகாது. இன்றே குழந்தை மருத்துவரிடம் போங்கள். இந்த வயதில் இப்படிப் பீய்ச்சி அடித்தால், இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வழியின் தசை தடித்து அடைத்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அதுதான் என்றால் சிறிய அறுவைச் சிகிச்சையில் முழுக்கச் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். வாந்தி பச்சையாகவோ ரத்தமாகவோ வந்தாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும், நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கிளம்பும்போது எடை குறித்த தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.