கியூடி (Qt) என்ற நிரலாக்கக் கருவித்தொகுப்பில் எழுதிய செயலியை மேக்கில் ஓட்டினால் மெனுவில் இருந்த ‘செட்டிங்ஸ்’ எங்கே போகிறது?

அது தொலைந்து போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. திரையின் மேல் பட்டையில் ஆப்பிள் சின்னத்துக்கு அடுத்து, தடித்த எழுத்தில் செயலியின் பெயர் இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். அபௌட், செட்டிங்ஸ், குவிட் மூன்றையும் மேக் பயனர்கள் அங்கேதான் தேடுவார்கள். அதனால் லினக்ஸிலோ விண்டோஸிலோ நீங்கள் ‘டூல்ஸ்’ மெனுவில் வைத்ததைக் கியூடி தானாகவே அங்கே நகர்த்திவிடுகிறது.

எதை நகர்த்துவது என்பதை அது மெனுவில் எழுதியிருக்கும் சொல்லைப் பார்த்தே ஊகிக்கிறது. கான்ஃபிக், ஆப்ஷன்ஸ், செட்டிங், செட்டப் என்று தொடங்கினால் செட்டிங்ஸ். குவிட், எக்ஸிட் என்றால் வெளியேறு. வம்பு இங்கேதான் தொடங்குகிறது. ‘செட்டப் பிரிண்டர்’ என்று ஒரு வரி வைத்திருந்தால் அதுவும் செட்டிங்ஸ் என்று எடுத்துக்கொள்ளப்படும். இருப்பதோ ஒரே இடம். இரண்டு வரிகள் அதற்குப் போட்டி போட்டால் ஒன்று அடிபடும். தமிழாக்கிய செயலியில் நேர்மாறாக நடக்கும். கியூடியின் சொந்தச் சொற்களுக்கும் தமிழ் மொழிபெயர்ப்பு ஏற்றப்படவில்லை என்றால் ‘அமைப்புகள்’ என்ற சொல் எதனோடும் பொருந்தாமல் டூல்ஸிலேயே தங்கிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

ஊகத்துக்கு விடாதீர்கள். மெனுவின் ஒவ்வொரு வரியும் கியூடியில் ஒரு கியூஆக்‌ஷன். ஒவ்வொரு கியூஆக்‌ஷனுக்கும் செட்மெனுரோல் என்ற கட்டளை மூலம் அதன் பங்கை, அதாவது அது எந்த வகை வரி என்பதை, நீங்களே சொல்லிவிடுங்கள்: அமைப்புகளுக்கு பிரிஃபரன்சஸ்ரோல், வெளியேறுவதற்கு குவிட்ரோல், அபௌட்டுக்கு அபௌட்ரோல், நகரவே கூடாத ‘செட்டப் பிரிண்டர்’ போன்றவற்றுக்கு நோரோல். முதல் சாளரம் திரையில் வருவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பிறகு மாற்றினால் பலிக்காது. உள்மெனுவுக்குள் இருப்பவற்றுக்கும் இது செல்லாது, மெனு பட்டையின் நேரடி மெனுக்களில் இருப்பவற்றுக்கு மட்டுமே.

அடுத்தது, கடைசிச் சாளரத்தை மூடியதும் மெனுக்கள் மறைவது. மேக்கில் சாளரம் இல்லாமலும் செயலி ஓடிக்கொண்டிருக்க முடியும். கியூமெயின்விண்டோ (கியூடியின் முதன்மைச் சாளரம்) தரும் மெனு பட்டையோ அந்தச் சாளரத்துக்கே உரியது. பெற்றோர் இல்லாத, அதாவது எந்தச் சாளரத்தோடும் கட்டப்படாத, கியூமெனுபார் (மெனு பட்டை) ஒன்றை உருவாக்கி, எல்லாச் சாளரங்களுக்கும் அதையே பொதுவாக விடுங்கள்.

குறுக்குவிசைகளைத் தொட வேண்டாம். கண்ட்ரோல் என்று எழுதியதைக் கியூடி மேக்கில் கமாண்ட் விசையாக மாற்றிக்கொள்ளும். உண்மையான கண்ட்ரோல் விசை வேண்டுமென்றால் ‘மெட்டா’ என்று எழுத வேண்டும். மெனு பட்டையில் உள்மெனு இல்லாமல் நேரடியாகத் தொங்கவிட்ட பொத்தான் மேக்கில் தெரியாது, அதை ஏதாவதொரு மெனுவுக்குள் போடுங்கள். பட்டைக்குக் கொடுத்த ஸ்டைல்ஷீட் நிறங்களும் அங்கே எடுபடாது.

பைத்தான் மொழியில் எழுதிய செயலியின் பெயருக்குப் பதில் ‘பைத்தான்’ என்று தெரிந்தால் மெனுவில் பிழை தேட வேண்டாம். டெர்மினலிலிருந்து நேரடியாக ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். செயலியை முறையான பண்டிலாக (மேக் செயலித் தொகுப்பாக) கட்டி, அதன் இன்ஃபோ பிலிஸ்ட் என்ற விவரக் கோப்பில் பெயரைக் கொடுத்தால் சரியாகிவிடும்.