இரண்டு லேப், இரண்டு இ.எஸ்.ஆர்.: எதை நம்புவது?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. காலையில் ஒரு லேபில் இ.எஸ்.ஆர். 28 என்று வந்தது. மாலையில் வேறொரு லேபில் 36. ஒரே நாளில் எப்படி இந்த வித்தியாசம்?

பதில்: இரண்டு லேபும் தவறே செய்யாமல்கூட இப்படி வரலாம். சர்க்கரை, கொழுப்பு போல ரத்தத்தில் உள்ள ஒரு பொருளின் அளவல்ல இ.எஸ்.ஆர். செங்குத்தாக நிறுத்திய குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்பதுதான் அந்த எண்.

தனியாக விழும் ஒரு சிவப்பணு மணிக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் இறங்கும். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைவிட அது சற்றே அடர்த்தி கூடியது, அவ்வளவுதான். போதாததற்கு, மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அணுக்கள் ஒன்றையொன்று விலக்கும். உடலில் அழற்சி (தொற்று, காயம் போன்றவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை) இருந்தால் கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை அதிகம் சுரக்கிறது. அப்போது அந்த விலக்கத்தையும் மீறி, காசுகளை அடுக்கியதுபோல அணுக்கள் ஒட்டிக்கொள்ளும். திரவத்தில் விழும் பொருளின் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதிப்படி, கோளத்தின் ஆரம் இரட்டித்தால் வேகம் நான்கு மடங்காகும். கொத்துகள் விரைந்து இறங்குவது இதனால்தான். ரத்தசோகையிலோ அழற்சியே இல்லாமலும் எண் ஏறும்: அணுக்கள் குறைவு, மேலேறும் பிளாஸ்மாவுக்கு வழி அதிகம்.

இனி குழாய்க்கு வருவோம். சாய்ந்த குழாயில் ரத்தம் வேகமாகப் படிகிறது என்று 1920-லேயே நோயியல் ஆய்வாளர் பாய்காட் எழுதினார். சாய்வில் அணுக்கள் கொஞ்ச தூரம் விழுந்ததும் கீழ்ப்பக்கச் சுவரைத் தொட்டுச் சறுக்கும், பிளாஸ்மா மேல்பக்கச் சுவரோரம் தடையின்றி ஏறும். வெறும் 3 டிகிரி சாய்வு அளவை 30 சதவீதம் வரை கூட்டிவிடும். 28-ஐ 36 ஆக்க அது ஒன்றே போதும்! அறை வெப்பமானாலும் எண் ஏறும். எடுத்த ரத்தம் நெடுநேரம் காத்திருந்தால் இறங்கும். முறையும் வேறாக இருக்கலாம்: வெஸ்டர்கிரென் குழாயில் சிட்ரேட் (உறையாமல் தடுக்கும் பொருள்) கலந்த ரத்தம், 200 மில்லிமீட்டர் வரை அளவுகோடு, வின்ட்ரோப் குழாயில் வெறும் 100. சில இயந்திரங்கள் வேண்டுமென்றே குழாயைச் சாய்த்து, சீக்கிரம் அளந்து கணக்கிட்டுத் தருகின்றன.

பெண்களுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதியாக்குவது ஒரு தோராய உச்சவரம்பு. உங்கள் அம்மாவுக்கு 34. இரண்டு எண்களும் அதை ஒட்டியே இருப்பதால், இதை மட்டும் வைத்துப் பதற வேண்டாம். ரிப்போர்ட்டில் எந்த முறை என்று பாருங்கள். மறுபடி எடுப்பதானால் முதலில் போன லேபிலேயே எடுங்கள், ஹீமோகுளோபினும் சேர்த்து. மூட்டுவலியோ விடாத காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம் சி.ஆர்.பி. பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அது நேரடியாக, அழற்சியில் கூடும் ஒரு புரதத்தின் அளவு, குழாய்ச் சாய்வு அதைத் தொடாது.