மைய நரம்பு மண்டலம் என்றால் மூளை மட்டும்தானா? தண்டுவடத்துக்கு அதில் என்ன வேலை?

மூளை, தண்டுவடம் இரண்டும் சேர்ந்ததுதான் மைய நரம்பு மண்டலம். தண்டுவடத்தை மூளைக்கும் உடம்புக்கும் நடுவே ஓடும் ஒயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. நான் இயன்முறை மருத்துவர். தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்குத்தான் அதிகமும் பயிற்சி கொடுக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

நெஞ்சு மட்டத்தில் தண்டுவடம் முழுமையாகச் சேதமான ஒருவர். கால்களில் அசைவும் இல்லை, தொடு உணர்வும் இல்லை. சில வாரங்கள் போன பிறகு, அவர் மனைவி ஈரத்துணியால் உள்ளங்காலைத் துடைத்தபோது கால் வெடுக்கென்று மடங்கியது. "கால் அசையுது டாக்டர், சரியாயிடும்ல?" என்று ஓடிவந்தார். அவரை உட்காரவைத்து, தாளில் படம் வரைந்துதான் பதில் சொல்ல முடிந்தது.

தண்டுவடம் ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன், பெரியவர்களுக்குச் சுமார் 45 செ.மீ. நீளம். முதுகெலும்பு முழுக்க அது போவதில்லை. இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடும். (அறுவை சிகிச்சைக்காக முதுகில் போடும் தண்டுவட மயக்க ஊசியை வழக்கமாக அதற்குக் கீழேதான் போடுவார்கள். தண்டுவடத்தில் குத்திவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர், அதனால் சொல்கிறேன்.) அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன.

குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளியே வெள்ளை, உள்ளே வண்ணத்துப்பூச்சி வடிவில் சாம்பல் நிறம். வெள்ளைப் பகுதிதான் நீங்கள் நினைக்கும் ஒயர்: மூளைக்குப் போகும், மூளையிலிருந்து வரும் நரம்பிழைகள். சாம்பல் பகுதியில் இருப்பவை நரம்பு செல்கள். உள்ளங்காலில் கிளம்பும் செய்தி, நரம்பு தண்டுவடத்தோடு சேரும் இடத்திலுள்ள பின்பக்க வேர் வழியாக உள்ளே நுழைந்து, இந்தச் செல்களிடம் கைமாறி, முன்பக்க வேர் வழியாகத் தசைக்குக் கட்டளையாகப் போகிறது. மூளையைக் கேட்பதே இல்லை. சூடான பாத்திரத்தில் பட்ட கை, வலி தெரியும் முன்பே பின்வாங்குவதும் இப்படித்தான்.

அவருக்கு அறுந்துபோனது நெஞ்சு மட்டத்துப் பாதை. அதற்குக் கீழே இருக்கும் சாம்பல் பகுதி உயிரோடுதான் இருக்கிறது. அடிபட்ட புதிதில் அதுவும் அடங்கிக் கிடக்கும். அப்புறம் விழித்துக்கொள்ளும், மேலிருந்து அடக்கிவைக்க மூளையின் பிடி இல்லாததால், முன்பைவிட வேகமாகவே துள்ளும்.

மூளையைப் பற்றிச் சுருக்கமாக: நினைப்பது, பேசுவது, நாமாக விரும்பிக் காலைத் தூக்குவது எல்லாம் பெருமூளை. அசைவைச் சீராக்குவது சிறுமூளை. மூச்சையும் இதயத் துடிப்பையும் மூளையின் அடியில் தண்டுவடத்தோடு சேரும் முகுளம் பார்த்துக்கொள்கிறது. மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்துக்கான நரம்பு, அடிபட்ட இடத்துக்கு மேலே கழுத்திலேயே கிளம்பிவிடுவதால்தான் அவரால் தானாக மூச்சுவிட முடிகிறது.

"அப்போ அவர் அசைக்கலையா?" என்று கேட்டார் அந்த அம்மா. இல்லம்மா, தண்டுவடம் அசைத்தது என்றேன். அவராக அசைக்கிறாரா என்று பார்க்க, கட்டைவிரலை அசைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தொடுவது தெரிகிறதா என்று பார்க்க, கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாளிலிருந்து, துணியைக் கையில் எடுக்கும் முன் கணவரிடம் கட்டைவிரலை அசைத்துப் பார்க்கச் சொல்ல ஆரம்பித்தார்.