ரீமேப் செய்த காருக்கு வாரன்டி கிடைக்குமா?

கேள்வி: என் காரில் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர். வாரன்டி இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகங்களை மாற்றாமல், இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மட்டும் மாற்றுவது) செய்தால் டார்க் 178-லிருந்து 230 நியூட்டன் மீட்டராக ஏறும் என்கிறார்கள். சர்வீஸுக்கு விடும் முன் பழைய ஃபைலை ஏற்றிவிட்டால் கண்டுபிடிக்க முடியாதாமே?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அதை நம்பி இறங்காதீர்கள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு-வில் எத்தனை முறை புரோகிராம் எழுதப்பட்டது என்ற கணக்கு பல மாடல்களில் பதிவாகிறது. பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றுவதும் அந்தக் கணக்கில் ஒன்று கூடும். தவிர, பழுதைக் குறிக்கும் ஃபால்ட் கோடு விழும்போது அந்த நொடியின் ஆர்பிஎம், லோடு போன்ற அளவுகளையும் ஈசியு சேர்த்துவைக்கும். ரீமேப்புக்குப் பதிலாக வெளியில் மாட்டும் டியூனிங் பாக்ஸ் ஈசியு-வில் எதையும் எழுதாது. ஆனால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) சென்சார் சிக்னலைக் குறைத்துக் காட்டித்தான் அது வேலை செய்கிறது. சென்சார் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அதற்கும் கோடு விழும்.

அதற்காக, ரீமேப் செய்ததுமே எல்லா வாரன்டியும் போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம். பவர் விண்டோ மோட்டாருக்கும் ஈசியு ஃபைலுக்கும் சம்பந்தம் கிடையாது. நிறுவனம் வாரன்டியை மறுக்கப்போவது இன்ஜின், டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸில்தான். இருந்தாலும் உங்கள் வாரன்டி புத்தகத்தில் 'பொருந்தாதவை' பகுதியைப் படியுங்கள். எக்ஸ்டெண்டட் வாரன்டியின் நிபந்தனைகள் தனி.

178-லிருந்து 230 என்றால் ஏறக்குறைய 29 சதவீதம் கூடுதல். முதலில் அடிவாங்குவது கிளட்ச். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஹாஃப் கிளட்சில் ஊர்ந்து ஏற்கெனவே சூடேறிய பிளேட், நாலாவது கியரில் 2,000 ஆர்பிஎம்-மில் அழுத்தினால் வழுக்கும்: ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. கிளட்ச் பிளேட் தேய்மானப் பொருள் என்பதால் ரீமேப் இல்லாமலே அந்த கிளெய்ம் கடினம். இதைவிடப் பெரிய ஆபத்து, குறைந்த ஆர்பிஎம்-மில் முழு பூஸ்ட் கொடுக்கும்போது பெட்ரோல் முன்கூட்டியே பற்றிக்கொள்வது. அதில் பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள விளிம்பு உடையும். இன்ஜினையே இறக்க வேண்டிய வேலை, நிறுவனம் முதலில் மறுப்பதும் இதைத்தான்.

யூடியூபில் சொல்லப்படும் மேக்னசன்-மாஸ் என்ற வாரன்டி சட்டம் அமெரிக்காவுக்கு மட்டுமே. நமக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சம்பந்தமில்லாத பாகத்துக்கு ரீமேப்பைக் காட்டி மறுத்தால், எந்த பாகம், என்ன காரணம், ஸ்கேனரில் என்ன வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். அதை வைத்து முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

வாரன்டி முடியும்வரை பொறுப்பதே என் ஆலோசனை. ஏற்கெனவே செய்துவிட்டவர்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பழுது வந்த பிறகு பழைய ஃபைலை ஏற்றி மறைக்கப் பார்க்காதீர்கள். அந்தப் பதிவு தெரிந்துவிட்டால், நியாயமான கிளெய்மும் சந்தேகத்துக்குள்ளாகும்.