ரியோஹா சிவப்பு ஒயினில் எனக்குப் புளிப்பும் துவர்ப்பும்தான் தெரிகிறது. இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவர் வட ஸ்பெயினின் ரியோஹா பகுதியிலிருந்து வரும் கிரியான்ஸா ஒரு பாட்டிலும், அதைவிட நீண்ட காலம் வைத்திருந்து விற்கும் ரெஸர்வா ஒரு பாட்டிலும் வாங்கியிருக்கிறார். இரண்டுமே நாக்கை இழுத்துப் பிடித்ததாம். விலை கூடிய ரெஸர்வாவில் பழ வாசனைகூட இல்லையாம். "எல்லாம் வெறும் பேச்சுதானா?" என்று முடித்திருக்கிறார்.

வெறும் பேச்சு இல்லை. உங்கள் நாக்கிலும் குறை இல்லை. பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்த சூட்டிலேயே திறந்து, தண்ணீர் குடிக்கும் தம்ளரில் நிறைய ஊற்றி, சாப்பாடு எதுவும் இல்லாமல் குடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிக் குடித்தால் எந்த ஸ்பெயின் ஒயினும் இப்படித்தான் இருக்கும்.

மதுவுக்குக் கொடி பிடிக்கிறேன் என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு ஒன்று. குடிக்காதவரைக் குடிக்கச் சொல்லும் பதில் அல்ல இது. ருசி பார்க்க 50 மில்லி போதும், அதையும் துப்பிவிடலாம். தொழிலாக ருசி பார்ப்பவர்கள் துப்பத்தான் செய்கிறார்கள்.

முதலில் புளிப்பையும் துவர்ப்பையும் பிரித்துப் பழகுங்கள். ஆங்கிலத்தில் இனிப்பில்லாத ஒயினையும் 'ட்ரை' என்பார்கள், வாய் வறண்டாலும் அதே சொல்தான். அதனால் அவர்களே குழம்புவது உண்டு. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் இருக்கிறது. பச்சை வாழைப்பூவைக் கடித்தால், பாக்கை மென்றால் கன்னத்தின் உட்புறம் சொரசொரக்கிறதே, சிவப்பு ஒயினில் வருவதும் அதுதான். திராட்சைத் தோல், விதை, ஓக் பீப்பாய் ஆகிய மூன்றிலிருந்தும் வரும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழுவழுப்பு போய்விடுகிறது. புளிப்பு இதற்கு நேர்மாறு, வாயில் நீர் ஊற வைக்கும். ஒரு மடக்கு விழுங்கிவிட்டுத் தலையைக் குனிந்து பத்து நொடி பொறுங்கள். நாக்கின் ஓரங்களில் நீர் சுரந்தால் அது புளிப்பு. ஈறும் கன்னமும் பிடித்தால் அது துவர்ப்பு. இரண்டும் ஒன்றை ஒன்று மீறாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் ருசிப்பதில் பாதி வேலை.

மீதிப் பாதியைக் கெடுப்பது வெப்பநிலை. 28, 30 டிகிரி அறைச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், பழ வாசனை அதற்குள் அமுங்கிவிடும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் வாசனை வெளியே வராது, துவர்ப்பும் புளிப்பும் மட்டும் கூர்மையாக நிற்கும். ரெஸர்வாவுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ், இளம் ஒயினுக்கு 13 முதல் 15. ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கழுத்துவரை பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் ரெஸர்வாவுக்கான பதம் கிட்டும். வெறும் ஐஸ்கட்டியில் வைத்தால் இடையில் காற்று நிற்பதால் மெதுவாகத்தான் குளிரும், தண்ணீர் கட்டாயம் வேண்டும்.

ஒயின் கிண்ணம் அடியில் அகன்று வாயில் குறுகியிருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மேலே இருக்கும் காலியிடத்தில்தான் வாசனை தங்கும். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். ஊதா சாயல் என்றால் இளசு, செங்கல் நிறம் என்றால் வயதானது. ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள், பிறகு சுழற்றி ஒருமுறை. அதன் பிறகு பத்து, பதினைந்து மில்லி வாயில் எடுத்து, உதட்டைக் கொஞ்சம் திறந்து காற்றை உள்ளே இழுங்கள். தொண்டைக்குப் பின்னால் வழியாக மூக்குக்குப் போகும் வாசனையைத்தான் நாம் ருசி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"பிளாக்பெர்ரி, செடார்" என்று குறிப்பில் எழுதியிருப்பதை மனப்பாடம் செய்யாதீர்கள். நீங்கள் அறிந்த வாசனைகளைத் தேடுங்கள். ரியோஹாவின் பழைய பாணி ஒயின்கள் அமெரிக்க ஓக் மரத்தில் செய்த 225 லிட்டர் பீப்பாயில் கிடந்தவை. அந்த மரத்தில் உள்ள லாக்டோன் என்ற வாசனைப் பொருள்களால் கொப்பரை வாசனை வரும், கூடவே வனிலாவும், சில சமயம் சதகுப்பையும். பிரெஞ்சு ஓக் என்றால் கிராம்பு பக்கம் சாயும். ஆண்டுகள் ஏற ஏறப் பழம் பின்வாங்கி, காய்ந்த அத்தி, புகையிலை, புதுத் தோல் என்று மாறும். உங்கள் ரெஸர்வாவில் நாவல்பழ வாசனை கிடைக்காதது குறை அல்ல, அதைத் தேட வேண்டிய இடம் ரெஸர்வா இல்லை.

கிரியான்ஸா, ரெஸர்வா என்பவை எவ்வளவு காலம் வைத்திருந்தார்கள் என்று சொல்லும் சொற்கள். ரியோஹா விதிப்படி சிவப்புக் கிரியான்ஸாவுக்கு மொத்தம் 2 ஆண்டு, அதில் ஓராண்டாவது பீப்பாயில். ரெஸர்வாவுக்கு 3 ஆண்டு, ஓராண்டு பீப்பாய், குறைந்தது 6 மாதம் பாட்டில். கிரான் ரெஸர்வாவுக்கு 5 ஆண்டு, பீப்பாயிலும் பாட்டிலிலும் இரண்டிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல். பின்பக்க முத்திரையின் நிறத்திலும் தெரியும்: கிரியான்ஸாவுக்குச் சிவப்பு, ரெஸர்வாவுக்குக் கருஞ்சிவப்பு, கிரான் ரெஸர்வாவுக்கு நீலம். காலத்தை விட நிலம் முக்கியம், 2017 முதல் 'வின்யேதோ சிங்குலார்' என்ற ஒற்றைத் தோட்ட வகையே இருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரிதான், நல்ல தயாரிப்பாளர்கள் பலர் இந்தக் காலக் கணக்கையே போடாமல் விற்கிறார்கள். ஆனால் முதல் இரண்டு பாட்டிலில் நிற்பவருக்கு அது இப்போது தேவையில்லை.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பிராந்தியும் ரம்மும் விற்ற கடைக்கு 'ஒயின் ஷாப்' என்று பெயர் வைத்தோம். அந்தச் சொல்லே கெட்டுப்போயிற்று. ஒயின் என்றாலே ஒரே மூச்சில் இறக்கும் சரக்கு என்று ஒரு தலைமுறை நினைத்துக்கொண்டது. இன்னொரு பக்கம், கோவாவில் போர்ட் என்ற பெயரில் விற்கும் இனிப்பு ஒயினைக் குடித்தவர்கள் சிவப்பு என்றாலே இனிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். சர்க்கரை முழுக்க நொதித்துத் தீர்ந்த ரியோஹாவை அந்த எதிர்பார்ப்போடு தொட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இது உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

ரியோஹாவின் முதன்மைத் திராட்சை டெம்ப்ரானியோ. 'தெம்ப்ரானோ', அதாவது சீக்கிரம் என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர், முன்கூட்டியே பழுப்பதால். இதில் புளிப்பு அவ்வளவு இருக்காது. அதற்காகவே கிராசியானோ, மசுவெலோ திராட்சைகளைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். ஸ்பெயினின் இன்னொரு ஒயின் பகுதியான ரிபேரா தெல் துவேரோவில் இதே திராட்சைக்கு டின்டோ ஃபினோ என்று பெயர், கத்தலோனியாவில் 'முயல் கண்' என்று பொருள்படும் உய் த யேப்ரே. துவேரோ தோட்டங்கள் 700 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. பகலில் வெயில், இரவில் குளிர், அதனால் ஒயின் இன்னும் அடர்த்தியாகவும் துவர்ப்பாகவும் வரும். தோரோ, பிரியோராட் பகுதிகளின் ஒயின்கள் அதையும் தாண்டும். இப்போதைக்கு அந்த மூன்று பக்கமும் போகாதீர்கள்.

அடுத்து வாங்க வேண்டியது ரியோஹாவின் ஒரு பகுதியான ரியோஹா அலவேஸாவின் இளம் ஒயின், கொத்தை முழுதாகத் தொட்டியில் போட்டு நொதிக்கவிடும் வகை. பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்கிவிடுவதால் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் டானின் குறைவாகத்தான் இறங்கும். வாழைப்பழமும் ஸ்ட்ராபெர்ரியும் வாசம் வீசும். அது பழகிய பிறகு அந்தக் கிரியான்ஸாவுக்குத் திரும்புங்கள், ஆனால் சாப்பாட்டோடு. ரியோஹாவில் காய்ந்த திராட்சைக் கொடியை எரித்து, அந்தக் கனலில் ஆட்டுக்குட்டி விலா எலும்புக் கறியைச் சுட்டு இதோடு சாப்பிடுகிறார்கள். டானின் எச்சிலை விட்டுவிட்டுக் கறியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், உப்பும் துவர்ப்பைத் தணிக்கும். மான்சேகோ என்ற செம்மறியாட்டுப்பால் சீஸ் இருந்தாலும் போதும். பச்சை மிளகாய்க் காரம் மட்டும் வேண்டாம். ஆல்கஹால் அந்த எரிச்சலைக் கூட்டும், ஒயினின் பழ வாசனை எதுவும் தெரியாது.

இவ்வளவு செய்தும் நன்றாக இல்லை என்றால் பாட்டிலையே சந்தேகப்படலாம். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் தக்கையில் டி.சி.ஏ. என்ற வேதிப்பொருள் இருக்கிறது. எவ்வளவு காற்று படவிட்டாலும் போகாது, கடையில் திருப்பிக் கொடுங்கள். தக்கை மேலே துருத்திக்கொண்டு, ஜாம் கொதித்த மாதிரி மணந்தால் எங்கோ வெயிலில் கிடந்திருக்கிறது. பழைய கிரான் ரெஸர்வாவில் அடியில் மண்டி நின்றால் அது கெட்டது அல்ல. முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, ஆட்டாமல் மெதுவாக ஊற்றுங்கள், மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். இளம் ஒயினைப் போல அதை மணிக்கணக்கில் காற்றில் வைக்காதீர்கள், இருக்கும் மெல்லிய வாசனையும் பறந்துவிடும்.

திறந்த கிரியான்ஸாவில் மிச்சம் இருந்தால் தக்கையை இறுக்கிக் குளிர்பதனப் பெட்டியில் நிறுத்தி வையுங்கள். மறுநாள் முக்கால் மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து இன்னொரு 50 மில்லி ருசித்துப் பாருங்கள், துவர்ப்பு கொஞ்சம் அடங்கியிருக்கும். மூன்று நாளைத் தாண்டினால் சமையலுக்கு ஊற்றிவிடுங்கள்.