பிரைமரியில் பணம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2024 மே மாதம் அமெரிக்காவில், போர்ட்லண்டில் உள்ள மகள் வீட்டில் இருந்தேன். அங்கே டெமாக்ரட் கட்சியின் பிரைமரி, அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் சமயம். தபால் பெட்டியைத் திறந்தால் தினமும் வழவழப்பான பெரிய அட்டைகள். ஒன்றில் ஒரு வேட்பாளரைத் தாக்கி எழுதியிருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஏதோ ஒரு அமைப்பின் பெயர். யார் இவர்கள் என்று மருமகனிடம் கேட்டேன். ஓட்டுப் போடப்போகிற அவருக்கே தெரியவில்லை. நம் ஊரில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கிறது. அங்கே கட்சிக்காரர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு வேட்பாளருக்கு ஒருவர் 3,300 டாலருக்கு மேல் கொடுக்கவும் முடியாதாம். அப்புறம் எப்படிப் பணக்காரர்கள் பிரைமரியை ஆட்டிவைக்கிறார்கள்?

கே., நாமக்கல்

அன்புள்ள கே.,

2024இல் அந்தத் தொகைதான் வரம்பு என்பது உண்மைதான். ஆனால் அது வேட்பாளரிடம் நேரடியாகக் கொடுக்கும் பணத்துக்கு மட்டும். 2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தேர்தலுக்காகத் தனியாகச் செய்யும் செலவைத் தடுக்கக் கூடாது என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதை ஒட்டி அதே ஆண்டு கீழ் நீதிமன்றம் ஒன்று, அப்படிச் செலவிடும் அமைப்புகளுக்கு யாரும் எவ்வளவும் நன்கொடை தரலாம் என்றது. சூப்பர் பேக் எனப்படும் அமைப்புகள் வந்தது அப்படித்தான். வேட்பாளரோடு கலந்து பேசிச் செலவிடக் கூடாது. மற்றபடி தொகைக்கு வரம்பே இல்லை.

இந்தப் பணம் பொதுத்தேர்தலைவிட பிரைமரியில்தான் அதிகமாகப் பேசும். பொதுத்தேர்தலில் கட்சிப் பெயரைப் பார்த்தே பாதிப் பேர் முடிவு செய்துவிடுவார்கள். பிரைமரியில் நிற்பவர்கள் எல்லாருமே ஒரே கட்சி. யார் எப்படிப்பட்டவர் என்று அக்கம்பக்கத்தில் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் விளம்பரம் சொல்ல வேண்டும். ஓட்டுப் போட வருகிறவர்களும் கொஞ்சம் பேர். பல தொகுதிகளில் ஒரே கட்சிதான் எப்போதும் ஜெயிக்கும். அங்கே பிரைமரியில் ஜெயித்தவர், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஆனதாகவே அர்த்தம்.

நியூயார்க் மாநிலத்தின் 16ஆவது தொகுதி அப்படிப்பட்டது. 2024 ஜூன் 25 அன்று, பதவியில் இருந்த ஜமால் போமன் அங்கே ஜார்ஜ் லாட்டிமரிடம் தோற்றார். போமன் காஸா போரில் இஸ்ரேலைக் கடுமையாக எதிர்த்தவர். இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஏபேக்கின் (AIPAC) சூப்பர் பேக், யுனைடெட் டெமாக்ரசி ப்ராஜெக்ட், அந்த ஒரு தொகுதியில் மட்டும் 1.4 கோடி டாலருக்கு மேல் இறக்கியது. ஒரு தொகுதியில் சராசரியாக ஏழரை லட்சம் பேர் வசிக்கிறார்கள்; இந்தப் பிரைமரியில் விழுந்த ஓட்டு ஒரு லட்சத்தைத் தொடவில்லை. கணக்குப் போட்டால் விழுந்த ஒவ்வொரு ஓட்டுக்கும் 140 டாலருக்கு மேல் வருகிறது, அதுவும் ஒரே அமைப்பின் செலவில்.

போமன் தோற்றதற்குப் பணம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். லாட்டிமர் அந்த வட்டாரத்தில் பல ஆண்டுகளாகப் பதவி வகித்தவர், நன்கு அறிமுகமானவர். போமன் பக்கமும் தவறுகள் இருந்தன. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அவ்வளவு பணம் செலவழித்தவர்களின் அக்கறை இஸ்ரேல். டி.வி.யில் ஓடிய அவர்களுடைய விளம்பரங்களோ, பைடனின் சாலை, பாலத் திட்டத்துக்கு எதிராகப் போமன் ஓட்டுப் போட்டார் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லின. போமன் கட்சிக்கு விசுவாசமானவர் இல்லை என்று டெமாக்ரட் வாக்காளரிடம் சொன்ன அந்த அமைப்புக்கு நிதி தந்தவர்களில் ஹோம் டிப்போ நிறுவனர்களில் ஒருவரான பெர்னி மார்கஸும் உண்டு. அவர் டிரம்ப்பின் பெரிய ஆதரவாளராக இருந்தவர். எதிர்க்கட்சிக்காரரின் காசில் ஒரு கட்சியின் வேட்பாளர் தேர்வு நடக்கிறது என்றால், கட்சிக்காரர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

பணம் எப்போதும் ஜெயிக்கும் என்பதும் இல்லை. 2016 அதிபர் தேர்தலுக்கான பிரைமரியில் நின்ற ஜெப் புஷ்ஷுக்காக ஒரு சூப்பர் பேக் பத்து கோடி டாலருக்கு மேல் திரட்டியது. மூன்று மாநிலங்களோடு அவர் விலகிவிட்டார். 2025இல் நியூயார்க் மேயர் பிரைமரியில் ஆண்ட்ரூ குவோமோவுக்காக ஒரு சூப்பர் பேக் இரண்டு கோடிக்கு மேல் செலவிட்டது. அதில் 80 லட்சத்துக்கு மேல் கோடீஸ்வரர் மைக்கேல் ப்ளூம்பெர்க் கொடுத்தது. ஜெயித்தவர் ஸோரான் மம்தானி. அந்த நகரில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. நகரவாசி தரும் சிறு நன்கொடையின் ஒவ்வொரு டாலருக்கும் நகர நிர்வாகம் எட்டு டாலர் சேர்த்துக் கொடுக்கும். பத்து டாலர் கொடுக்கிற டாக்சி ஓட்டுநர் தொண்ணூறு டாலர் கொடுத்ததாக ஆகும். காங்கிரஸ் தேர்தல்களுக்கு இப்படி எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சரி, உங்கள் அட்டைக்கு வருகிறேன். அது எந்த அமைப்பு அனுப்பியது என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் இருந்த போர்ட்லண்டின் பெரும்பகுதி ஆரிகனின் 3ஆவது தொகுதியில் வருகிறது. சென்னையில் பிறந்து அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினராக இருக்கும் பிரமிளா ஜெயபாலின் அக்கா சுசீலா ஜெயபால் அந்தப் பிரைமரியில் நின்றார். அவரை எதிர்த்துப் பெருந்தொகை செலவிட்ட ஒரு சூப்பர் பேக்கின் பெயரைத் தமிழில் சொன்னால், 'மக்களுக்குச் செவிசாய்க்கும் அரசுக்கான வாக்காளர்கள்'. தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்புதான் அது முளைத்தது. நன்கொடையாளர் பட்டியலைத் தாக்கல் செய்ய விதிப்படி அதற்கு ஜூன் வரை அவகாசம் இருந்தது. ஓட்டுப்பதிவு மே 21. சுசீலா தோற்றார். ஜூனில் பட்டியல் வந்தபோது அதில் இருந்த பெயர்களில் ஒன்று, நியூயார்க்கில் பார்த்த அதே யுனைடெட் டெமாக்ரசி ப்ராஜெக்ட்.

ஆரிகனில் தபாலில்தான் ஓட்டு. உங்கள் மருமகன் வாக்குச்சீட்டை உறையில் போட்டு ஒட்டிய நாளில், இணையத்தில் எவ்வளவு தேடியிருந்தாலும் அந்தப் பட்டியல் அவருக்குக் கிடைத்திருக்காது.